பால் குடிக்காத 11 வயதுப் பெண்ணுக்கு எலும்பு எப்படி உறுதியாகும்?

"மகளுக்கு 11 வயது. பால் டம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து, மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. கால்சியம் மாத்திரை ஆரம்பித்துவிடலாமா? இனி ஓடுவது, குதிப்பதையெல்லாம் குறைத்துக்கொள்ளச் சொல்லலாமா?" நீங்கள் கேட்டது இவ்வளவுதான்.

மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. குதிப்பதைக் குறைக்கவே வேண்டாம். கை தேறியதும் கூட்டத்தான் வேண்டும். விழுந்துதானே முறிந்தது, இவர் இன்னும் குதிக்கச் சொல்கிறாரே என்று தோன்றும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். மாவுக்கட்டுப் பிரித்த கைகால்களைப் பழையபடி வேலை செய்ய வைப்பதுதான் என் அன்றாடப் பிழைப்பு.

முதலில் அந்த முறிவு. இந்த வயதில் முன்கை முறிந்தால், "எலும்பில் சத்தே இல்லை போலிருக்கிறது" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். பெரும்பாலும் அது உண்மையில்லை. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 1991-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, பள்ளிப் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து அவர்களுடைய உயரத்தையும் எலும்பில் சேரும் தாதுவையும், அதாவது எலும்பைக் கெட்டியாக்கும் கால்சியம், பாஸ்பரஸ் போன்றவற்றையும், அளந்துகொண்டே வந்தது. பெண் பிள்ளைகள் மளமளவென்று உயர்வது சராசரியாக 11.8 வயதில். எலும்பில் தாது மிக வேகமாகச் சேர்வதோ 12.5 வயதில். இடையில் எட்டு மாதம் போல ஒரு இடைவெளி. எலும்பு நீண்டுவிட்டது, அதை இறுக்கிக் கெட்டியாக்கும் தாது பின்னால் வந்துகொண்டிருக்கிறது. முன்கை முறிவுகள் பெண் பிள்ளைகளிடம் அதிகம் வருவதும் இந்த வயதை ஒட்டித்தான். உங்கள் மகள் ஏறக்குறைய அந்த இடைவெளியின் வாசலில் நிற்கிறாள்.

இடைவெளிக்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். தாது சேரும் வேகம் உச்சத்தில் இருக்கும் அந்த இரண்டு வருடத்தில் மட்டும், முழு வளர்ச்சி அடைந்த உடலில் இருக்கப்போகும் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. 18 வயதுக்குள் 90 சதவீதம் போல முடிந்துபோகும். எலும்பு எவ்வளவு அடர்த்தியாக அமையும் என்பதில் 60 முதல் 80 சதவீதம் பரம்பரை. அதில் நம் கைவரிசை எதுவும் செல்லாது. மிச்சத்தில்தான் உணவும் உடலசைவும் வருகின்றன. அந்த மிச்சம் அற்பமா என்றால், இல்லை. 2003-இல் வெளியான ஒரு கணினிக் கணக்கீட்டின்படி, இளமையில் எட்டும் உச்ச அடர்த்தி 10 சதவீதம் கூடினால், முதுமையில் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய், வருவது 13 வருடம் தள்ளிப்போகிறது. கணக்கீடுதான், நேரில் அளந்தது அல்ல. ஆனாலும் எந்தத் திசையில் போகிறது என்பது தெரிகிறது.

சரி, அந்தத் தாதுவை எலும்புக்குள் கொண்டுசேர்ப்பது எது? பாலா, மாத்திரையா?

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் மகளின் கையைக் கவனித்துப் பாருங்கள். தோல் உலர்ந்து செதில் செதிலாக உதிரும். முன்கை இன்னொரு கையைவிட மெலிந்திருக்கும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி, மறு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் என் அறைக்குள் வருவார்கள். எக்ஸ்ரேயில் முறிந்த இடம் ஒட்டிச் சேர்ந்திருக்கும், ஆனால் சுற்றியுள்ள எலும்பு முன்பைவிட மங்கலாகத் தெரியலாம். சில வாரம் சும்மா இருந்ததற்கே அந்த எலும்பு தன் தாதுவில் கொஞ்சத்தை விட்டுவிட்டது. அந்த வாரங்களில் அவள் தினமும் மூன்று டம்ளர் பால் குடித்திருந்தாலும் இது நடந்திருக்கும். விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கும் இதே கதைதான். நல்ல சாப்பாடு, எல்லாச் சத்தும் உண்டு. இருந்தும் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் கரைந்துபோகிறது. உடல் எடை என்ற சுமையே அங்கே கிடையாதே.

எலும்பை வங்கிச் சேமிப்போடு ஒப்பிட்டு எழுதுவார்கள், பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. வங்கியில் யார் பணம் போட்டாலும் வாங்கிக்கொள்வார்கள். எலும்பு அப்படி வாங்காது. தனக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தால்தான் வாங்கும். வேலை இல்லையென்றால் கொடுத்த கால்சியம் சிறுநீரிலும் மலத்திலும் போய்ச் சேரும்.

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். எப்படி என்பது பிறகுதான் புரிந்தது. எலும்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. குதித்துத் தரையில் இறங்கும்போது எலும்பு இம்மியளவு வளைகிறது. அந்த வளைவில் நுண்குழாய்களில் உள்ள நீர்மம் சரக்கென்று நகர்கிறது. செல்கள் அதை உணர்ந்து, "இங்கே பலம் போதவில்லை, கட்டு" என்று சொல்லி அனுப்புகின்றன. மெதுவான அழுத்தத்துக்கு இவை அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை. சட்டென்ற அதிர்வும் பழக்கமில்லாத திசையும்தான் இவற்றை உசுப்பும். இதனால்தான் நடப்பது இதயத்துக்கு நல்லதாக இருந்தும் எலும்புக்குப் பெரிய செய்தியாக இல்லை. நீச்சலும் சைக்கிளும் அதே வகை. நீச்சலில் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது, சைக்கிளில் சீட் தாங்கிக்கொள்கிறது. இவற்றை விடச் சொல்லவில்லை. இவற்றோடு மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்கிறேன்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று டென்னிஸ் ஆடுபவர்களின் கைகள். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை; ஒரு கை மட்டையைப் பிடிக்கிறது, மற்றது பிடிக்கவில்லை. இதைவிடச் சுத்தமான பரிசோதனையை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. ஃபின்லாந்தில் டென்னிஸும் ஸ்குவாஷும் ஆடும் பெண்களை அளந்து 1995-இல் வெளியிட்டார்கள். ஆடும் கையில் தாது கூடுதலாக இருந்தது; அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வயதுக்கு வருவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு, பிறகு தொடங்கியவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தது. ஒரே விளையாட்டு, ஆரம்பித்த வயது மட்டும் வேறு.

இதில் வடிவமும் சேர்ந்திருக்கிறது. சிறு வயதில் சுமை விழும்போது எலும்பு வெளிப்புறமாகப் பருக்கிறது. ஒரே அளவு இரும்பில் ஒரு தடியும் அதைவிட அகலமான ஒரு குழாயும் செய்தால், வளைப்பதற்குக் குழாய்தான் கடினம். சில மில்லிமீட்டர் அகலம் கூடுவது, உள்ளே அடர்த்தி கூடுவதைவிட அதிகப் பலம் தரும். மாதவிடாய் தொடங்கி, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறியபின் இந்த வெளிப்புற வளர்ச்சி மெல்ல அடங்கிவிடுகிறது.

அப்படியானால் எவ்வளவு குதிக்க வேண்டும்? ஆச்சரியமாக, ரொம்பக் கொஞ்சம். 1984-இல் ஒரு பறவையின் இறக்கை எலும்பைத் தனிமைப்படுத்திச் சுமை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 36 தடவை கொடுத்தபோது எலும்பு வளர்ந்தது. 1800 தடவை கொடுத்தபோது அதற்கு மேல் எதுவும் வளரவில்லை. செல்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி காது கொடுக்கின்றன. எலிகளில் ஒரே மூச்சில் 360 தடவை சுமை கொடுத்ததைவிட, 90 தடவையாக நான்கு வேளைக்குப் பிரித்துக் கொடுத்தபோது நல்ல பலன் வந்தது.

பிள்ளைகளிடம் செய்து பார்த்ததும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை 61 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து ஒரு வேளைக்கு 100 தடவை குதிக்க வைத்தார்கள். வாரம் மூன்று நாள், ஏழு மாதம். வெறும் நீட்சிப் பயிற்சி செய்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இடுப்போடு சேரும் தொடை எலும்பின் கழுத்தில் 4.5 சதவீதமும் கீழ் முதுகெலும்பில் 3.1 சதவீதமும் தாது கூடுதலாக ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் உடல் எடையைப் போல எட்டு மடங்கு விசை விழுந்ததாகக் கணக்கிட்டார்கள். தயவுசெய்து வீட்டில் ஸ்டூலைப் போட்டு இதைச் செய்ய வேண்டாம். அது பயிற்றுநர் பக்கத்தில் நிற்க நடந்த ஆய்வு. கயிறு தாண்டுவது, நொண்டியடிப்பது, ஓடிப்பிடித்து ஆடுவது, கூடைப்பந்து, கைப்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், காலைத் தட்டி ஆடும் எந்த நடனமும் போதும். பள்ளிக்குக் கிளம்பும் முன் இருபது குதி, சாயங்காலம் இருபது குதி என்று பிரித்துச் செய்தாலே எலும்பைப் பொறுத்தவரை நல்ல நாள்தான். கயிறு தாண்டும்போது பாதத்தின் முன்பகுதி முதலில் தரையில் படட்டும், முழங்கால் லேசாக மடங்கட்டும். தொம்மென்று குதிகாலில் இறங்கினால் எலும்புக்குமுன் முழங்கால் புகார் செய்யும்.

குதித்தால் உயரம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். நிற்காது. எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடுவது ஹார்மோன் கணக்கில், குதிக் கணக்கில் இல்லை.

இனி சாப்பாடு. ஒரு சின்னப் பரிசோதனையை மகளோடு சேர்ந்து செய்து பாருங்கள், கட்டோடு இருக்கும் பிள்ளைக்குப் பொழுதும் போகும். சாப்பிட்டு முடித்த கோழிக்கால் எலும்பைச் சுத்தமாகக் கழுவி வினிகரில் முழுக்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை வினிகரை மாற்றி ஒரு வாரம் வையுங்கள். அமிலம் தாதுவைக் கரைத்துவிடும். எடுத்துப் பார்த்தால் எலும்பு அதே வடிவத்தில் இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி வளையும். அந்த வளைகிற மிச்சம்தான் கொலாஜன் என்ற புரதம். எலும்பின் கன அளவில் ஏறக்குறைய பாதி அதுதான். கால்சியமும் பாஸ்பரஸும் அந்தப் புரதப் பின்னலின்மேல் படிகின்றன. எலும்பு என்றாலே கால்சியம் என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, பால் பொருள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வேளாவேளைக்குத் தட்டில் இருந்தால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கால்சியம் எவ்வளவு வேண்டும் என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. 10 முதல் 18 வயது வரை நாளுக்கு 1300 மி.கி. என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சொல்லும் அளவு. பிரிட்டன் 11 முதல் 18 வயது வரையிலான பெண் பிள்ளைகளுக்கு 800 மி.கி. போதும் என்கிறது. அதனால் டம்ளரை எண்ணிக்கொண்டு பதற வேண்டாம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 240 மி.லி.யில், சுமார் 300 மி.கி. இருக்கும். தயிரிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். ஒரு துண்டு சீஸ், 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் 200 மி.கி. வரை தரும். முள்ளோடு மென்று சாப்பிடும் சின்ன மீன்கள் பாலையே மிஞ்சும். சோயாப் பாலில் கால்சியம் உப்பு சேர்த்து உறைய வைத்த டோஃபுவும், தோல் நீக்காத எள்ளும் நல்லவை. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் பெரும்பகுதி போய்விடும்.

கீரை விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பசலைக்கீரையில் கால்சியம் நிறைய இருப்பதாக எழுதியிருக்கும்; இருக்கவும் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் உடலுக்குள் போவது 5 சதவீதம் போலத்தான். பாலிலிருந்து 30 சதவீதம் போகிறது. முட்டைக்கோஸ், புரொக்கோலி குடும்பத்தில் ஆக்சலேட் குறைவு, அதிலிருந்து பாதி வரைகூடப் போகும். பசலைக்கீரையை மற்றச் சத்துகளுக்காகச் சாப்பிடட்டும்; கால்சியக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது மாத்திரை. பிள்ளைகளுக்குக் கால்சியம் கொடுத்துப் பார்த்த 19 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2006-இல் அலசினார்கள், மொத்தம் 2800-க்கு மேற்பட்ட பிள்ளைகள். கை எலும்பில் 2 சதவீதத்துக்கும் குறைவான ஏற்றம். பிற்காலத்தில் முறிந்தால் ஆளையே படுக்க வைத்துவிடும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் ஏற்றமே இல்லை. முறிவைக் குறைக்கும் அளவுக்கு இதில் பலன் இல்லை என்பதுதான் முடிவு. பால் பொருள் எதுவும் சாப்பிடாத, மீனும் தொடாத பிள்ளைக்கு மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அது வேறு விஷயம். பயத்துக்காக மட்டும் கொடுக்க வேண்டாம். அப்படியே கொடுக்க நேர்ந்தாலும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், இரும்பை உள்ளே விடாது. மாதவிடாய் தொடங்கப்போகும் பிள்ளைக்கு இரும்பும் முக்கியமாயிற்றே.

வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் குடல் உறிஞ்சும். போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 சதவீதம். வெயில் பட்டால்தான் தோல் அதைத் தயாரிக்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சூடு வரும், வைட்டமின் வராது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வெளியே ஓடியாடும் பிள்ளைக்குக் குதியும் வெயிலும் ஒரே செலவில் கிடைக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அறைக்குள்ளேயே வளரும் பிள்ளை என்றால் ரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம். பரிசோதிக்காமலேயே பெரிய அளவு ஊசி போட்டுக்கொள்வது நல்லதில்லை. குளிர்பானத்தில் உள்ள பாஸ்பரஸ் எலும்பை அரிக்கும் என்று பயமுறுத்துவதைவிட, அது பாலின், தயிரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் உண்மையான கவலை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். என் அனுபவத்தில் பெண் பிள்ளைகளின் எலும்பைக் கெடுப்பது பால் இல்லாததைவிடச் சாப்பாடே போதாமல் இருப்பதுதான். 12, 13 வயதில் திடீரென்று வயிற்றைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு, காலை உணவை விடுவார்கள், ராத்திரி பாதியில் எழுந்துவிடுவார்கள். விளையாட்டில் தீவிரமாக இருக்கும் பிள்ளைகளிடம் இது இன்னும் மோசம், ஏனென்றால் செலவழிப்பதும் அதிகம். உடல் உடனே சிக்கனத்தில் இறங்கிவிடும். இளம் பெண்களிடம் செய்த ஆய்வுகளில், போதாத உணவோடு 5 நாள் இருந்தாலே மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் துடிப்பு குறைந்தது, எலும்பு கட்டும் வேலையும் மந்தமானது. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டால் குதித்தும் பயனில்லை, பால் குடித்தும் பயனில்லை. குறைந்த உணவு, நின்றுபோகும் மாதவிடாய், மெலியும் எலும்பு மூன்றும் சேர்ந்தே வருவதை 1992-இல் விளையாட்டு மருத்துவர்கள் ஒரே பிரச்சினையாகப் பெயரிட்டார்கள்.

ஒரு ஓட்டக்காரப் பெண் நினைவுக்கு வருகிறாள், 15 வயது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி என்று வந்தாள். வலி எங்கே என்று கேட்டதும் உள்ளங்கையை வைத்துத் தடவவில்லை. ஒரே விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அப்படி விரல் நுனியில் காட்டும் வலி, ஓடும்போது கூடி ஓய்வில் குறைந்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம் என்று நாங்கள் சந்தேகப்படுவோம். அவளுக்கு இருந்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டபோது, "ஆறு மாசமா இல்ல, நிம்மதியா இருக்கு" என்றாள். அம்மாவுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதம் தொடர்ந்து நின்றாலும், 15 வயதாகியும் தொடங்கவில்லையென்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும். "விளையாடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்" என்று விடக் கூடாது. அவளுக்கு நாங்கள் கொடுத்த சிகிச்சையில் பாதி, ஓய்வோடு சேர்த்து வயிறு நிறையச் சாப்பிட வைத்ததுதான்.

ராத்திரியில் இரண்டு காலும் வலிக்கிறது, காலையில் எழுந்தால் ஒன்றுமில்லை என்றால் அது வளரும் பிள்ளைகளுக்கு வரும் சாதாரண வலி. கால்சியக் குறைவு இல்லை, மாத்திரையும் வேண்டாம், தேய்த்துவிட்டால் போதும்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் எடுக்கட்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சைக்கிளிலிருந்து விழுந்து ஒருமுறை முறிந்ததற்குத் தேவையில்லை. 10 வயதுக்குள் நீண்ட எலும்புகளில் இரண்டு முறிவு, 19 வயதுக்குள் மூன்று முறிவு, பெரிய அடி எதுவும் படாமலே முதுகெலும்பு நசுங்குவது ஆகியவைதான் குழந்தை மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து விசாரிக்கும் கணக்கு.

கட்டுப் பிரித்த கையோடு சைக்கிளில் ஏறிவிட வேண்டாம். முதல் சில வாரங்கள் அதே இடத்தில் மறுபடி முறிய வாய்ப்பு உண்டு. கீழே விழக்கூடிய விளையாட்டுகளை எப்போது தொடங்கலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சொல்லட்டும். அதுவரை மணிக்கட்டை மடக்கி நீட்டுவது, ஈரத் துணியைப் பிழிவது, மென்மையான பந்தை அமுக்குவது போதும். பிறகு கயிற்றை எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம், பால் சண்டையை இன்றோடு விட்டுவிடுங்கள். அவள் தயிர் சாப்பிடுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுகிறாள் என்றால் உங்கள் கேள்வியில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.